நான்காய்ப் பிரித்த நாவல்

புத்தாண்டு பிறந்தால் ஏதாவது ஒரு சபதம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஒரு வருடம் விடியற்காலை நடை. இன்னொரு வருடம் சர்க்கரை இல்லாத காபி. இரண்டுமே பொங்கலைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தன. அதனால், இந்த வருடம் நிறையப் புத்தகம் படிக்கப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "படி, படி. படிச்சிட்டு கலெக்டராயிடு" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தால்தான் காரியம் நடக்கும். மறுநாளே திண்டிவனத்தில் வேலை முடிந்ததும் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே தடிமனான நாவலை எடுத்தேன். எழுதியவர் யார் என்று பார்க்கவில்லை, என்ன கதை என்றும் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றைக் கொண்டுபோய் டிவி பக்கத்தில் வைத்தால் அந்த மனிதர் வாயடைத்துப் போவார் என்பதுதான் அன்றைய என் இலக்கிய ரசனை. அவர் எலக்ட்ரீஷியன். அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "பரவால்ல, ஸ்டெபிலைசருக்கு அடியில முட்டுக் குடுக்கலாம்" என்றார்.

சென்னையில் இருக்கும் என் தங்கை வேறு எரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ வாசகர் வட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நாலைந்து பேர் காபிக் கோப்பையும் புத்தகமுமாகச் சிரிக்கிற போட்டோ வாட்ஸப்பில் வந்து விழும். கூடவே, "உங்க ஊர்லயும் ஒன்னு ஆரம்பியேன்க்கா" என்று ஓர் அறிவுரை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் மாவு அரைக்கவுமே பொழுது போதாது. இதில் நான் வட்டத்தை எங்கே போய்ப் போடுவது?

நான் வேலை செய்வது திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரிடம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து டோக்கன் கொடுக்கிற வேலை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காலையில் நாங்கள் ஏறுகிற பஸ் திருவண்ணாமலையிலிருந்து வருகிறது. வரும்போதே முக்கால்வாசி நிரம்பியிருக்கும். படியில் ஏறி உள்ளே போய் இடம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் கோட்டையைச் சுற்றிப்பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள், கைப்பை போடுவார்கள், சாப்பாட்டுக் கூடை போடுவார்கள். போட்ட பொருள் எந்த சீட்டில் விழுந்ததோ அந்த சீட் போட்டவருக்கு. இதற்கு மேல் சட்டம் கிடையாது.

ஒருநாள் அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டையே அடைத்துக்கொண்டு நின்றது. என் பையில் டிபன் பாக்ஸ். வீசினால் புளிக்குழம்பு கொட்டும். கையில் அகப்பட்டது, பஸ்ஸில் படிக்கலாமென்று எடுத்துவந்த அந்த நாவல்தான். இந்தா என்று ஜன்னலுக்குள் விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கனம். துண்டு மாதிரி காற்றில் அலையாமல், குறி வைத்த சீட்டில் போய்த் தொப்பென்று விழுந்தது. வாங்கியதிலிருந்து அதனால் எனக்குக் கிடைத்த முதல் பிரயோஜனம் அதுதான்.

முண்டியடித்து ஏறிப் பார்த்தால் சீட் காலியாக இருந்தது, புத்தகத்தைக் காணோம். பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் அது விரிந்திருந்தது. "அக்கா, ஒரு நிமிஷம், இந்த ஒரு பக்கம் மட்டும் முடிச்சிட்டுத் தர்றேன்" என்றாள் நிமிராமலே. வல்லம் தாண்டியும் அந்த ஒரு பக்கம் முடியவில்லை. திண்டிவனத்தில் இறங்கும்போது, "அடப்பாவி, இந்த மனுசன் இப்படிப் பண்ணிட்டானே" என்று முன்பின் தெரியாத என்னிடம் முறையிட்டாள். எந்த மனுசன் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் இன்னும் முதல் பக்கமே திறக்கவில்லையே.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் கல்யாணமாகி சிங்கவரத்துக்கு வாழ வந்தவள். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அதற்கென்றே இரண்டு வருடம் படித்தவள். அந்த வேலையைக் கல்யாணத்துக்கு அப்புறமும் விடமாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருக்கிறாள். "போவட்டும், பாக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. பாக்கலாம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. "நூல்ல தொங்கிகினு இருக்குதுக்கா என் வேலை" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு உதட்டில் மட்டும்தான்.

ஆனால் வாய்! அப்பப்பா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றால் இவள் ஊரையே பிழைக்கவைப்பாள். கண்டக்டர் மாதிரி பேசுவாள், ஊசிக்குப் பயந்து கத்தும் மீசைக்காரர் மாதிரி பேசுவாள், என்னைப் போலவே "அடுத்தது யாருங்க?" என்று பல் டாக்டர் மேசைக் குரலில் கூப்பிடுவாள். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது தடவை நானே செய்யச் சொல்லிக் கேட்டேன்.

மறுநாள் அவள் எனக்காக ஒரு சீட்டைப் பிடித்து வைத்திருந்தாள். நட்பு என்று நினைத்துவிட வேண்டாம். கண் என் பையின்மேல்தான் இருந்தது. நாவலை வாங்கிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள், கதையில் வருகிற ஆளுக்கொரு குரலில். பின் சீட்டில் இருந்த கணக்கு வாத்தியார் தலையை முன்னால் நீட்டினார். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த பைண்டிங்காரர், திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்பவர், இன்னும் குனிந்தார். கண்டக்டர், "டிக்கெட் போட்டுட்டு வந்துடறேம்மா, அதுக்குள்ள அந்தப் பொண்ண ஊர விட்டு அனுப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்திலேயே சண்டை வந்துவிட்டது. புத்தகம் ஒன்று, ஆள் நான்கு. யார் வீட்டுக்கு எடுத்துப்போவது? வாங்கியவள் நான் என்று நான் சொன்னேன். முதலில் படித்தவள் நான் என்று அவள் சொன்னாள். வயதில் மூத்தவன் நான் என்று வாத்தியார் சொன்னார். பைண்டிங்காரரோ புத்தகத்தை வாங்கினார், முதுகை வருடிப் பார்த்தார், நடுவில் பிளந்து தையலை ஆராய்ந்தார். "நூல் தையல்தான்க்கா. பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரம் பாரமாப் பிரிச்சி நாலு பங்காக்கிடலாம். ஆளுக்கு ஒன்னு. படிச்சி முடிச்சதும் நானே சேத்துத் தச்சித் தந்துடறேன், மின்ன இருந்தத விட ஜோராயிருக்கும்."

புத்தகத்தைக் காலால் தெரியாமல் மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாம், கூறு போடுவதா? ஆனால் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். சரி, அறுங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் அச்சகத்திலிருந்து நான்கு பங்காகக் கொண்டுவந்தார், ஒவ்வொன்றுக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு. முதல் பங்கு எனக்கு, இரண்டாவது வாத்தியாருக்கு, மூன்றாவது அவருக்கு, கடைசி அந்தப் பெண்ணுக்கு. அவரவர் பங்கை அவரவர் படித்து, பஸ்ஸில் வரிசைப்படி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் சொல்லக்கூடாது. இப்படியாக எங்கள் வாசகர் வட்டம் அமைந்தது. தங்கைக்குப் போட்டோ அனுப்பலாம் என்று பார்த்தேன். நான்கு பேரும் ஒரே படத்தில் விழ வேண்டுமென்றால் பஸ்ஸுக்கு வெளியே தொங்கித்தான் எடுக்க வேண்டும்.

என் பங்கை நான் சொன்னேன். கடலூர்ப் பக்கம் ஒரு துறைமுகத் தெரு, அதில் சாப்பாட்டு மெஸ் நடத்துகிற ஒரு அக்கா. தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தது அவள்தான். தங்கை படித்துப் பெரியவளாகிறாள். அக்காவுக்கு வந்த வரனை எல்லாம் அவள் தங்கைக்காகத் தட்டிக் கழிக்கிறாள். வாயைத் திறக்க முடியாதவர்களோடு பகல் முழுக்க இருக்கிற எனக்கு, நான் பேசுவதை மூன்று பேர் காது கொடுத்துக் கேட்பது புதிதாக இருந்தது.

வாத்தியார் பங்கு வந்தபோது கதை கணக்கானது. "ஆக, மெஸ்ஸுல காலையில இருபது பேர் சாப்பிடறாங்க. அதுல கடன் சொல்றவன் ஆறு. அப்போ அந்தம்மா எப்படி வீட்டு வாடகை குடுக்குது? எழுத்தாளர் இத யோசிக்கல" என்றார். "சார், தங்கச்சி இன்னா ஆனா சார்?" என்று நாங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. தங்கை அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போய்விட்டாள் என்பதை அவர் சொன்னது மூன்றாம் நாள் சாயங்கால பஸ்ஸில், அதுவும் இட்லியை மென்றபடி. அவர் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் மயிலம் ரோடு தாண்டினதும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். கதையா சூரியனா என்றால் அவருக்குச் சூரியன்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் பைண்டிங்காரர். அவர் பங்கு மூன்றாவது. தினமும், "இன்னிக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் இருக்குதுக்கா" என்பார். விசாரித்ததில், தன் பங்கில் பதினைந்தாவது பக்கத்தில் ஒரு வரி கோணலாக அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து அவருக்கு மனசு ஆறவில்லையாம். கதையை விட்டுவிட்டு ஓரம் சரியாக விட்டிருக்கிறார்களா, மை ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பங்குக்காரி துடியாய்த் துடித்தாள். அவளுக்கு முடிவு தெரியும், நடுவில் நடந்தது தெரியாது. எங்களுக்கு நடந்தது தெரியும், முடிவு தெரியாது. "ராத்திரி மழையில ஒருத்தி வந்து கதவத் தட்றாக்கா. உள்ள இருக்கறவங்க தொறக்கல. ஏன் தொறக்கலன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அண்ணா, படிண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

அண்ணன் படித்து முடிப்பதற்குள் அவள் வருவதே நின்றுபோனது.

முதல் நாள் காய்ச்சல் என்று நினைத்தோம். இரண்டாவது நாள், அவள் வழக்கமாகப் பிடிக்கிற சீட்டில் ஒரு கோழிக்கூடை உட்கார்ந்து வந்தது. அந்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. போன் செய்தேன். பேசியது அவள்தானா என்று சந்தேகமாக இருந்தது; குரல் அவ்வளவு கீழே இருந்தது. மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். புருஷன் ஒரகடத்தில் கம்பெனி வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறவர். வீட்டில் வேறு ஆள் இல்லை. "லேப்ல லீவு சொன்னேன்க்கா. வர்ற திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளப் போட்டுக்குவோம்னு சொல்லிட்டாங்க. இவரு, வேலையே வேணாம், விட்டுடுன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"சரின்னா சொன்ன? நீயா?" சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த பொலிகாளை மாதிரி ஒரு ஆளை அதட்டி எழுப்பி உட்காரவைத்தவள் அவள். அன்றைக்கு மொத்த பஸ்ஸும் கை தட்டியது.

"இங்க வேற இன்னாக்கா சொல்றது?" என்றாள். அப்புறம் யாரோ கூப்பிட்டார்கள்போல, "தோ வர்றேன் அத்த" என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அன்று டோக்கன் கொடுக்கும்போது இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன். சாயங்கால பஸ்ஸில் கூடிப் பேசினோம். பேசினோம் என்ன, மூன்று பேரும் பெருமூச்சு விட்டோம். மாமியாருக்குக் கால் முறிந்தது நிஜம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதும் நியாயம். அதற்காக ஒருத்தி தன் வேலையையே தலைமுழுக வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் போய்க் கேட்க நாம் யார்? உறவா, முறையா? பஸ் சிநேகிதம். படி இறங்கினால் முடிந்தது.

பைண்டிங்காரர்தான் வாயைத் திறந்தார். "கடைசிப் பங்கு அங்கதான கிடக்குது. அத வாங்கறதுக்குன்னு போவலாமே. நம்ம பொருளு, நாம கேக்கறோம்." வாத்தியாரும் நானும் அவரைப் பார்த்தோம். மனிதன் சோம்பேறியே தவிர முட்டாள் இல்லை. "அதுக்கு மின்ன உன் பங்கப் படிச்சி முடிய்யா" என்றார் வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புடவை மாற்றிக்கொண்டு நான் கிளம்பியபோது என் வீட்டுக்காரர், "புக்கு படிக்கறேன்ன, இப்ப பஞ்சாயத்துக்குக் கிளம்பிட்டியா? சங்கத் தலைவியே வருக!" என்றார். பதில் சொன்னால் பஸ் போய்விடும் என்பதால் முறைத்துவிட்டு நடந்தேன். மூன்று பேரும் மூன்று பங்குகளையும் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் சிங்கவரம் போய் இறங்கினோம். வயல்களில் கடலைச் செடி மஞ்சள் பூவாகக் கிடந்தது. வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம்.

வாசலில் ஷீட் போட்ட நிழலில் கட்டில். அதில் மாமியார், மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு. பக்கத்தில் நாற்காலியில் மகன், கையில் செல்போன். அவள் உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "வாங்கக்கா, வாங்க சார், வாங்கண்ணா." அவ்வளவுதான். தலை நிமிரவில்லை. செம்பை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். இப்படி ஒரு பெண்ணை நான் பஸ்ஸில் பார்த்ததே இல்லை.

"இவங்க ஆரு?" என்றார் மகன்.

"பஸ்ல கூட வர்றவங்க" என்றாள் அவள் தரையைப் பார்த்து.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன்னுமில்ல தம்பி, ஒரு புத்தகத்தோட கடைசிப் பகுதி உங்க வீட்ல இருக்குது, அதை…" என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. மாமியார் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"அட, புக்குக்காரங்களா நீங்க? உக்காருங்க, உக்காருங்க. உங்களத்தான் தேடிகினு இருந்தேன்!" தலையணைக்கு அடியில் கைவிட்டு, காலண்டர் அட்டை போட்ட அந்தக் கடைசிப் பங்கை எடுத்தார். ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. "டிவி உள்ள இருக்குது, நான் வெளிய கிடக்கறேன். இன்னா பண்றது? இதத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சிகினு கிடக்கறேன். தலையும் இல்ல, உடம்பும் இல்ல, வால மட்டும் குடுத்து வெச்சிருக்கீங்களே, இது எந்த ஊரு அக்கிரமம்? இந்தக் கதவத் தட்றவ ஆரு? மருமவதான? மாமியாக்காரி கூட சண்ட போட்டுகினு போனவதான? அதான் அந்தம்மா தொறக்கல. சரியாத்தான் பண்ணுச்சி. நானா இருந்தாலும் தொறக்க மாட்டேன்."

கதவோரம் நின்றவள் இன்னும் கொஞ்சம் கதவுக்குப் பின்னால் போனாள்.

"மருமவ இல்லம்மா" என்றேன். "தங்கச்சி. அந்தம்மா தூக்கி வளத்த தங்கச்சி."

மாமியார் வாயைப் பிளந்தார். "தங்கச்சியா? அய்யய்யோ, எனக்குத் தெரியாதே! மொதல்லேந்து சொல்லும்மா."

சொன்னேன். பஸ் இரைச்சல் இல்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. என் பங்கு முடிந்ததும் வாத்தியார் தொடங்கினார். கணக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். நடுவில், வாத்தியார் சமணர் என்று அதற்குள் விசாரித்து வைத்திருந்த மாமியார் மேற்கே வெயிலைப் பார்த்துவிட்டு, "இந்தாம்மா, வாத்தியாருக்கு மொதல்ல தட்டு வை. பொழுது போனா அவரு வாயில வைக்க மாட்டாரு" என்றார். வெல்லம் போட்டு இடித்த கேழ்வரகு அடை வந்தது. வாத்தியார் ஒரு கண்ணைச் சூரியன்மேல் வைத்துக்கொண்டு அடையையும் கதையையும் ஒன்றாக முடித்தார்.

பைண்டிங்காரர் பங்கு வந்தது. எனக்குத் திக்கென்றது. ஆனால் மனிதர் படித்திருந்தார். எப்போது படித்தார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். தங்கைக்குப் பட்டணத்து வாழ்க்கை ஒத்துவராததையும், அவள் அனுப்பிய கடிதங்களை அக்கா பிரிக்காமலே அடுப்பில் போட்டதையும், மெஸ் நொடித்துப்போனதையும் நிதானமாகச் சொன்னார். கோணல் வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரிச்சாவது பாத்திருக்கலாம் அந்தப் பாவி மவ" என்றார்.

"மிச்சத்த நான் சொல்றேன். நான்தான் பாடமாப் படிச்சி வெச்சிருக்கேனே" என்று அவரே புத்தகத்தை எடுத்தார்.

"இல்லம்மா" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "எங்க வழக்கம் அப்படி இல்ல. யார் பங்கோ அவங்கதான் சொல்லணும். கடைசிப் பங்கு உங்க மருமவளது."

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். "வேணாங்கக்கா, எனக்கு வேல கிடக்குது" என்றாள். "வேல எங்கயும் ஓடாது, வந்து சொல்லு" என்றார் மாமியார். வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். முதல் இரண்டு வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. மகன் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்புறம் மெஸ்ஸுக்குப் பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தர் வருகிற இடம் வந்தது. குழம்பில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை சோறு வாங்குகிற ஆள். அவர் குரலை எடுத்தாள் பாருங்கள், எங்கள் கண்டக்டரே வந்து நின்ற மாதிரி. மாமியார் கட்டில் ஆடச் சிரித்தார். "ஏய், ஏய், மெதுவா, கட்டு இழுக்குது!" அவ்வளவுதான், அவள் ஆரம்பித்துவிட்டாள். மழை பெய்தது, கதவு தட்டப்பட்டது. உள்ளே அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே தங்கை, "அக்கா, நான்தான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். விடிந்து அக்கா கதவைத் திறந்தால் யாரும் இல்லை. அவசர அவசரமாக ஒரு பொட்டலம் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறாள். நனைந்த புடவையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் தங்கை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பொட்டலத்தைப் பிரித்து வைத்து, "சாப்டியா?" என்று கேட்கிறாள்.

அந்த "சாப்டியா"வை அவள் சொன்ன விதத்தில் எனக்கு முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. பைண்டிங்காரர் மூக்கைச் சிந்தினார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வேலியோரம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

மகனின் செல்போன் மடியில் கிடந்தது. அவர் தன் பெண்டாட்டியை, கல்யாணத்தன்று பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன். "இவ இப்படியெல்லாம் பேசுவாளா?" என்றார், எங்களிடம்.

"பஸ்ல பேசுவேங்க" என்றாள் அவளே.

"இங்க ஏன் பேசனதே இல்ல?"

அவள் நிமிர்ந்தாள். "இங்க வேல சொல்வீங்க, செய்வேன். பேசச் சொல்லி ஆரும் கேக்கலையே."

நான் என் வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே எங்கள் வீட்டுக்காரர் கிண்டலாவது செய்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் தெரியாது.

"நான் வேலைய விட மாட்டேங்க" என்றாள் அவள். வேறு யார் குரலும் இல்லை, அவள் குரல்தான். "அன்னிக்குச் சரின்னு சொன்னது வாய்தான். எனக்கு அந்த வேல வேணும். காலையில சோறாக்கி, அத்தைக்கு எல்லாம் பண்ணி வெச்சிட்டுத்தான் போவேன். நாளைக்குப் போவலன்னா அது போயிடும்."

மகன் திகைத்தார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே வழி தெரியாத திகைப்பு. "சரிடீ, நீ போய்ட்டா பகல்ல அம்மாவ ஆரு பாத்துக்கறது?"

"ஏன்டா?" என்றார் மாமியார். "அவளுக்குத்தான் நான் மாமியாரு. உனக்கு அம்மாடா. ஒரு மாசம் லீவு போட்டுட்டு நீ கிட. கட்டு பிரிச்சிட்டா நானே நடப்பேன்."

வாத்தியார் சிரிப்பை அடக்கக் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். மகன் செல்போனை எடுத்து, மேனேஜருக்கு என்ன சொல்வது என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு முருங்கை மரத்துப் பக்கம் போனார்.

நாங்கள் எழுந்தோம். டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் இன்னும் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள், அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவள்போல. மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நாளைக்குப் போய்ட்டு வா" என்றார். "ஆனா ஒன்னு. எல்லாத்தையும் பஸ்லயே பேசித் தீத்துட்டு வராத. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சிகினு வா."